அடைபட்ட கழிவுநீர்க் குழாயைச் சீர்செய்யும் முறை

வீடுதோறும் கழிப்பறை அமைப்பது எத்துணை முக்கியமோ, அது தடையின்றி இயங்குமாறு பேணுவதும் அத்துணை முக்கியமாகும். குழாயில் சிறு அடைப்பு ஏற்பட்டதும் கழிப்பறையைப் பூட்டிவிட்டு, குடும்பத்தினர் மீண்டும் வயல்வெளியை நாடுவதுண்டு. அதனால் செலவிட்ட பணமும் உழைப்பும் வீணாவதோடு, நோய்களும் திரும்பி வருகின்றன. பெரும்பாலான அடைப்புகளை எளிய கைக்கருவிகளைக் கொண்டு வீட்டாரே நீக்கிவிடலாம்.

அடைப்பு எங்கே உள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இரட்டைக் குழிக் கழிப்பறையில், பீங்கானிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து இரு குழிகளுள் ஒன்றுக்குச் செல்கிறது. அத்தொட்டியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து, சிறிது நேரம் காற்றோட விட வேண்டும். அருகில் பீடியோ தீக்குச்சியோ பற்றவைக்கலாகாது. பீங்கானில் நீர் தேங்கி, தொட்டி வறண்டிருந்தால் அடைப்பு இவ்விரண்டிற்கும் இடையில் உள்ளது. தொட்டியும் நிரம்பியிருந்தால் அடைப்பு அதற்கு அப்பால் உள்ளது. அல்லது குழியே நிறைந்துவிட்டது என்று கொள்ளலாம். நிறைந்த குழிக்குக் குழாயைக் குத்துவதால் பயனில்லை. அக்குழிக்குச் செல்லும் வாயை அடைத்து, மற்றொன்றின் வாயைத் திறத்தல் வேண்டும். நிறைந்த குழியை 2 ஆண்டுகள் மூடி வைத்தால், அதிலுள்ளவை மட்கி, வயலுக்கு நல்ல எருவாகும்.

பணி தொடங்குமுன் ரப்பர்க் கையுறையும் காலணியும் அணிந்துகொள்ள வேண்டும். பீங்கானில் ரப்பர்க் கிண்ணம் மூழ்கும் அளவு நீர் இருக்கச்செய்து, அதனைப் பலமுறை அழுத்தி இழுத்தால் இலேசான அடைப்பு விலகும். விலகாவிடில், கணுக்களைச் சீவி வழவழப்பாக்கிய நீண்ட மூங்கில் பிளாச்சைத் தொட்டியின் பக்கமிருந்து மேல்நோக்கிச் செலுத்தி, மெல்லத் திருகித் தள்ளலாம். தேங்கிய நீர் திடீரெனப் பாயுமாதலால் ஒதுங்கி நின்று செய்க. குழிக்குச் செல்லும் வாயில் கம்பி வலையொன்றை வைத்தால், வெளிவரும் துணியும் பிளாஸ்டிக்கும் மேலும் சென்று சிக்கா. கூரிய இரும்புக் கம்பி குழாயைத் துளைத்துவிடும். அதனைத் தவிர்க்க வேண்டும். நீர் ஓடத் தொடங்கியதும் இரண்டு மூன்று வாளி நீர் ஊற்றிப் பார்த்து, கருவிகளையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

ஆசிட் ஊற்றுவது தவறான பழக்கம். அது கண்ணையும் தோலையும் சுடும். குழியில் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களையும் அழிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும்.

மற்றோர் எச்சரிக்கை உயிரைப் பற்றியது. குழிக்குள்ளோ செப்டிக் டாங்கினுள்ளோ எவரும் இறங்கலாகாது. அங்குள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஒரு சில மூச்சுகளிலேயே மனிதனை மயங்கச் செய்யும். காப்பாற்ற இறங்குபவரும் மடிவதுண்டு. தக்க பாதுகாப்பின்றி ஒருவரை இப்பணியில் ஈடுபடுத்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதற் குற்றத்திற்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இறங்கச் சொன்னவர் வீட்டுக்காரராயினும் பஞ்சாயத்தாயினும் பொறுப்பு ஒன்றே. டாங்கு நிறைந்தால் உறிஞ்சு வண்டியை வரவழைப்பதே முறை.

துணி, பஞ்சு, பிளாஸ்டிக் உறை, மணல் ஆகியவற்றைக் கழிப்பறையில் போடாதிருந்தால் அடைப்பு அரிதாகவே நேரும். சமையலறை நீருக்குத் தனி உறிஞ்சுகுழி அமைப்பது நலம்.

மூங்கில் பிளாச்சு, ரப்பர்க் கிண்ணம், கையுறை ஆகியவை அடங்கிய தொகுதி ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்து, வேண்டுவோர்க்கு இரவல் அளிக்கலாம். 1901-இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாசபையின்போது, காந்தியடிகள் தாமே துடைப்பமெடுத்துக் கழிப்பறையைத் தூய்மை செய்தார். இப்பணி ஏதோ ஒரு சாதியாருக்கு உரியது என்ற எண்ணம் ஒழிய வேண்டுமானால், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முதலில் தங்கள் வீட்டுக் குழாயைத் தாங்களே சீர்செய்து காட்டுவார்களாக.