விரல் நுனிக்கு ஏற்ற எழுத்து



எரிகோ வழியோரம் பிச்சையெடுத்த பர்த்திமேயுவை நாம் அறிவோம். பார்வையற்ற அந்த மனிதரைத் தம்மிடம் அழைத்த இயேசு, அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டார். பார்த்தாலே தெரிகிறதே, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். அந்தக் கேள்வியின் அருமை லூயி பிரெயிலின் வாழ்க்கையைப் படிக்கும்போது விளங்குகிறது.

பாரிசுக்குக் கிழக்கே கூப்வ்ரே என்னும் சிற்றூரில் 1809 சனவரி 4 அன்று பிறந்தவர் லூயி. தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் குத்தூசியை எடுத்து விளையாடியபோது அது ஒரு கண்ணில் பாய்ந்தது. புண் சீழ்பிடித்து மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரு கண்களிலும் பார்வை போய்விட்டது.

அவ்வூர்ப் பங்குத்தந்தை பல்லுயி சிறுவனுக்குத் தாமே பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்காரவைத்தார். இப்படிப்பட்ட ஒரு பங்குத்தந்தை நமக்கு முன்னே இருந்திருக்கிறார் என்பதில் நமக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி, கொஞ்சம் கூச்சமும்கூட. 1819இல், பத்து வயதில், லூயி பாரிசிலிருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார்.

அங்கே புத்தகங்கள் இருந்தன, ஆனால் சிலவே. நாம் கண்ணால் படிக்கும் அதே எழுத்துகளைத் தாளில் பெரிதாகப் புடைத்து வைத்திருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வரியை முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். அந்த முறையில் பிள்ளைகள் எழுதுவதோ இயலாத காரியம். அதை உருவாக்கிய வாலென்டின் ஹாவி நல்ல மனம் படைத்தவர். பார்வையற்றோரும் கற்க முடியும் என்று உலகுக்குக் காட்டியவர். ஆனால் அவர் எழுத்தைத் தம் கண்ணுக்கு ஏற்றபடி அமைத்தார். படிக்க வேண்டியவை பிள்ளைகளின் விரல்கள்.

1821இல் சார்லஸ் பார்பியர் என்ற முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி, புள்ளிகளால் எழுதும் முறை ஒன்றைப் பள்ளிக்குத் தெரிவித்தார். அதில் ஓர் அடையாளத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை. விரல் நுனிக்குள் அது அடங்காது. ஒலியைத்தான் குறிக்கலாம், எழுத்துக்கூட்டி எழுத முடியாது. லூயி அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. ஒரே தொடுதலில் ஓர் எழுத்து. மொத்தம் 63 அடையாளங்கள் கிடைக்கும். 1824இல் இதற்கு உருக்கொடுத்தபோது அவருக்கு வயது 15. 1829இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே சொற்கள், இசை என்பவற்றோடு திருச்சபையின் வழிபாட்டுப் பாடல்முறையையும் சேர்த்திருந்தார்.

கண்ணைக் குத்திய ஊசியே பிறகு எழுதுகோலாயிற்று என்று மறையுரைகளில் சொல்வதுண்டு. நாமும் சொல்லியிருக்கிறோம். உண்மையில் புள்ளி குத்தும் எழுத்தாணி பார்பியரின் முறையிலேயே இருந்தது.

லூயி அதே பள்ளியில் ஆசிரியரானார். பாரிசுக் கோவில்களில் ஆர்கன் வாசித்தார். தம் சிறு சம்பளத்திலிருந்து மாணவர்களுக்குக் கடன் கொடுத்தார். ஆனால் 1840இல் பள்ளிக்குப் பொறுப்பேற்ற புதிய இயக்குநர் புள்ளி எழுத்தைத் தடைசெய்தார். பார்வையுள்ளோர் படிக்க முடியாத எழுத்து, இரு சாராரையும் பிரித்துவிடும் என்பது வாதம். கேட்பதற்கு நியாயம்தான். பிள்ளைகளைத்தான் யாரும் கேட்கவில்லை. அவர்கள் மறைவாகப் புள்ளியில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். இத்தனைக்கும், பார்வையுள்ளோருக்குக் கடிதம் எழுத உதவும்படி, சாதாரண எழுத்துகளையே புள்ளிகளால் வரையும் வேறொரு முறையை 1839இலேயே லூயி செய்து கொடுத்திருந்தார். பாலம் கட்டியவர் அவர்தாம்.

மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று நம் பங்குகளில் பொன்னாடை போர்த்துகிறோம், விருந்து கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்க உங்களுக்கு விருப்பமா, அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களில் ஒருவரையாவது கேட்டிருக்கிறோமா? தமிழுக்கும் பிரெயில் எழுத்து இருக்கிறது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைந்த பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. அதிலும் அதே ஆறு புள்ளிகள்தான்.

தடை சில ஆண்டுகளில் தளர்ந்தது. ஆனால் காசநோய் லூயியை விடவில்லை. 1852 சனவரி 6, திருக்காட்சித் திருநாளன்று, 43 வயதில் இறந்தார். அவருடைய எழுத்தைப் பள்ளி முறைப்படி ஏற்றது 1854இல். நூறாண்டு கழித்து, 1952இல், அவருடைய உடலைப் பாரிசின் பாந்தியோன் நினைவகத்துக்கு எடுத்துச் சென்றார்கள். கைகளை மட்டும் கூப்வ்ரே மக்கள் தங்கள் ஊர்க் கல்லறையிலேயே வைத்துக்கொண்டார்கள்.