ஓவன் வேண்டாம், ஸ்லோ குக்கர் போதும்: கரிசல் வெயிலில் ஆப்பிள் பட்டை ரோல் செய்வது எப்படி?

மைதா மாவைப் பிசைந்து, பொங்கவிட்டு, மெல்லிசாகத் தேய்த்து, பட்டைத் தூளும் இனிப்பும் தூவிச் சுருட்டி, துண்டு போட்டு வேகவைத்தால் அது சினமன் ரோல். சுருட்டும்போது வதக்கிய ஆப்பிளையும் உள்ளே வைத்தால் ஆப்பிள் சினமன் ரோல். ரீல்ஸில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்கும் பண்டங்களில் இதுவும் ஒன்று. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வீடுகளில் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்: "நம்ம வீட்டுல ஓவன் ஏது?"

ஓவன் இல்லாதது உண்மையில் பெரிய தடையே இல்லை. அடி கனமான மண்சட்டி போன்ற பாத்திரம் வைத்த ஸ்லோ குக்கர் ஒன்று இருந்தால் போதும். அதுவும் இல்லை என்றாலும் வழி உண்டு. இந்த ஊர்ப் பக்கம் காரியம் கெடுவது வேறு இடங்களில். ஒன்று, வெயிலில் சூடேறிய தண்ணீர். இன்னொன்று, கடையில் வாங்கும் பட்டை. முதலாவது ரோலைக் கெடுக்கும். இரண்டாவது, அளவு தெரியாமல் போட்டால், பிள்ளைகளின் உடம்பைப் பாதிக்கலாம்.

ஸ்லோ குக்கர் எப்படி வேலை செய்கிறது?

வெளிச்சுற்றில் வெப்பக் கம்பி, உள்ளே பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. அவ்வளவுதான் கருவி. அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் 1940-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லிதுவேனியாவில் அவருடைய தாய்வழிக் குடும்பத்தார், வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்னால் பயறும் கறியும் நிரப்பிய சட்டியை ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைப்பார்களாம். அணைந்துகொண்டே போகும் அடுப்பின் சூட்டில் அது விடிய விடிய வேகும். அம்மா சொன்ன இந்தக் கதைதான் கருவிக்கு வித்து. 1971-ல் 'கிராக்பாட்' என்ற பெயரில் சந்தைக்கு வந்த பிறகே இது வீடு வீடாகப் போனது.

அடைத்து வைத்த சூடு மெதுவாக வேலை செய்யும் என்பதைச் சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் கரிமூட்டம் போடும் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்லோ குக்கர் 100 டிகிரியைத் தாண்டாது. 'லோ', 'ஹை' என்ற இரண்டு நிலைகளும் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே சூட்டைத்தான் தொடும்; எவ்வளவு நேரத்தில் தொடும் என்பதுதான் வித்தியாசம். ரொட்டி மாவின் உட்பகுதி 90 டிகிரி வாக்கில் வெந்துவிடும் என்பதால் இந்தச் சூடு போதும். ஆனால் மேல்பக்கம் சிவக்காது. மாவு பொன்னிறமாக 140 டிகிரி வேண்டும். அந்தக் குறையைத் தோசைக்கல் தீர்த்துவைக்கும், அதைக் கடைசியில் பார்ப்போம்.

மாவு: வெயிலைக் கணக்கில் எடுங்கள்

8 ரோலுக்கு: மைதா 300 கிராம், பால் 160 முதல் 180 மில்லி, உருக்கிய வெண்ணெய் 40 கிராம், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 டீஸ்பூன். முட்டை தேவையில்லை.

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகள் எல்லாம் 'வெதுவெதுப்பான பால்' என்றுதான் ஆரம்பிக்கும். அது குளிர் ஊர்க்காரர்கள் எழுதியது. ஏப்ரல், மே மாதங்களில் 38 டிகிரியைத் தாண்டும் கரிசல் காட்டில் அந்த வரியை அப்படியே பின்பற்றினால் மாவு கைமீறிப் போகும். ஈஸ்டுக்குப் பிடித்தது 25 முதல் 30 டிகிரி. 55 டிகிரியை நெருங்கினால் செத்தே போகும். மதியம் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆகவே பாலைக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்துச் சேருங்கள்; பால் போதாமல் தண்ணீர் சேர்க்க வேண்டியிருந்தால் பானைத் தண்ணீரே நல்லது. கோடையில் ஈஸ்டை முக்கால் டீஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளலாம்.

பத்து நிமிஷம் பிசைந்து மூடி வையுங்கள். குறிப்பில் ஒன்றரை மணி நேரம் என்று இருந்தாலும், வெயில் நாளில் 40, 45 நிமிஷத்திலேயே மாவு இரண்டு மடங்காகிவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். அதற்கு மேல் விட்டால் கள் வாடை அடிக்கும். காரணம் எளிது: பதனீரைக் கள்ளாக்குவதும் ஈஸ்ட்தான். பனையேறிகள் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது அந்த வேலையை நிறுத்தத்தான்.

பூரணம்: பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி

நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் சிவப்பு ஆப்பிள் இனிப்பானது, மாவுத்தன்மை உள்ளது. வேகவைத்தால் சீக்கிரம் குழைந்துவிடும். புளிப்புள்ள, கெட்டியான ஆப்பிள் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 1 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு அந்தப் புளிப்பைத் தந்துவிடும். பெரிய ஆப்பிள் 2 போதும். தோலைச் சீவி, சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள்.

பழுப்புச் சர்க்கரையைத் தேடி மதுரைக்கு ஓட வேண்டாம். சாயல்குடி, வேம்பார் பக்கத்துக் கருப்பட்டி 70 கிராம் எடுத்து, கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். வடிகட்டாமல் போட்டால் மணல் கடிபடும். அந்தப் பாகில் ஆப்பிளையும் 1 டேபிள்ஸ்பூன் வெண்ணெயையும் போட்டு, தண்ணீர் முழுக்கச் சுண்டிப் பூரணம் கரண்டியில் ஒட்டும் வரை கிளறுங்கள். இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறும் பட்டைத் தூளும் சேர்த்து, முழுசாக ஆறவிடுங்கள். சூட்டோடு மாவில் வைத்தால் வெண்ணெய் உருகி, சுருள் பிரிந்து, சட்டிக்குள் களிபோல் கிடக்கும்.

எந்தப் பட்டை, எவ்வளவு?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'பட்டை' என்று ஒரே பெயரில் நாம் வாங்குவது இரண்டு வேறு மரங்களின் பட்டை. ஒன்று இலங்கைப் பட்டை. காகிதத்தைச் சுருட்டியதுபோல் பல அடுக்காக, மெல்லிசாக இருக்கும், கையால் நொறுக்கலாம். இந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கொடுத்தது. மற்றொன்று சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வரும் காசியா. தடிமனான, முரட்டுப் பட்டை, ஒற்றை அடுக்கு, உடைக்கக் கை வலிக்கும். பிரியாணிக்குப் போடும் பட்டை பெரும்பாலும் இதுதான். விலையும் குறைவு.

காசியாவில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம். இலங்கைப் பட்டையில் மிகச் சொற்பம். தொடர்ந்து அதிகமாக உள்ளே போனால், சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஜெர்மனியின் மத்திய இடர் மதிப்பீட்டு நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 60 கிலோ எடையுள்ள பெரியவர் நாள்தோறும் சாப்பிட்டாலும் பிரச்சினை இல்லாத காசியா அளவு 2 கிராம், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரை கிராம்.

பிரியாணிக்கு ஒரு துண்டு பட்டை போட்டு, சாப்பிடும்போது எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறோம். ரோலில் அப்படி இல்லை. தூள் முழுக்க வயிற்றுக்குள் போகிறது. பல அமெரிக்கக் குறிப்புகளில் 2 டேபிள்ஸ்பூன் பட்டைத் தூள் இருக்கும். அது சுமார் 15 கிராம். 8 ரோலுக்குப் பிரித்தால் ஒன்றில் ஏறத்தாழ 2 கிராம். அதாவது பெரியவரின் ஒருநாள் அளவு, குழந்தையின் அளவைப் போல நான்கு மடங்கு. என்றைக்கோ ஒருநாள் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகிவிடாது. வாரம் முழுக்க டிபன் பாக்ஸில் போட்டு அனுப்புவதுதான் சரியில்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஐரோப்பிய விதிப்படி பாரம்பரியப் பட்டைப் பண்டங்களில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை கூமரின் இருக்கலாம். மற்ற பேக்கரிப் பண்டங்களில் 15 மில்லிகிராம்தான். 2013 கடைசியில் டென்மார்க் அதிகாரிகள் தங்கள் ஊர்ப் பட்டை ரோலை இரண்டாவது வகையில் சேர்க்க, பேக்கரிக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த வருஷம் 'இது எங்கள் பாரம்பரியப் பண்டம்தான்' என்று அரசு இறங்கிவந்தது. ரோல் பிழைத்தது; கூமரின் கணக்கு என்னவோ அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே இந்த அளவுக்கு 1 டீஸ்பூன், அதாவது இரண்டரை கிராம் தூள் போதும். ஒரு ரோலுக்கு 0.3 கிராம்தான் வரும். மணம் போதவில்லை என்றால் 2 ஏலக்காய் தட்டிப் போடுங்கள். சுவீடன்காரர்கள் பட்டை ரோல் மாவிலேயே ஏலக்காய் சேர்க்கிறார்கள்.

இன்னொன்று, தூளாக வாங்காதீர்கள். 2023-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் பட்டைக் கூழ் பாக்கெட்டுகளைச் சாப்பிட்ட 500-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஈய நச்சு ஏறியிருக்கலாம் எனக் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். காரணம் ஆப்பிள் இல்லை, ஈக்வடாரில் அரைத்த பட்டைத் தூள். அதில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராமுக்கும் மேல் ஈயம் இருந்தது. மஞ்சள் தூளுக்கு நிறம் ஏற்றக் கலப்பார்களே, அந்த லெட் குரோமேட்தான் இதிலும் கலந்திருப்பதாகச் சோதனைகள் காட்டின. முழுப் பட்டையில் இப்படிக் கலப்பது கடினம். அருப்புக்கோட்டை வெயிலில் ஒரு பொழுது காயவைத்து, மிக்ஸியில் அரைத்துச் சலித்தால் வேலை முடிந்தது.

சுருட்டி, வேகவைத்து…

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பரோட்டாவை மடித்துச் சுருட்டுவதைப் பார்த்துப் பழக்கம். இது அதைவிட எளிது. மாவை அரை அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் செவ்வகமாகத் தேய்த்து, பூரணத்தைப் பரப்பி, ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டு, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டுங்கள். கத்தியால் வெட்டினால் நசுங்கும். தையல் நூலை அடியில் கொடுத்து, மேலே குறுக்காக இழுத்தால் வட்டம் கெடாமல் துண்டாகும்.

ஸ்லோ குக்கர் சட்டிக்குள் பட்டர் பேப்பர் விரித்து, ரோல்களைச் சற்று இடைவெளி விட்டு அடுக்குங்கள். 5, 6 லிட்டர் குக்கரில் எட்டும் கொள்ளும். சின்னதாக இருந்தால் பாதி அளவு செய்யுங்கள். இரண்டாம் முறை பொங்குவதற்குத் தனியாகக் காத்திருக்க வேண்டாம். சட்டி மெல்லச் சூடேறும் நேரத்திலேயே மாவு பொங்கிவிடும்.

மூடிக்கு அடியில் மடித்த கனமான பருத்தித் துண்டைக் கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் மூடியில் கோக்கும் நீர் சொட்டி, மேல்பக்கம் பிசுபிசுவென்று ஆகும். துண்டின் முனைகளைத் தூக்கி மூடிமேல் போட்டுவிடுங்கள். குக்கரின் சூடான பக்கங்களில் தொங்கக் கூடாது. 'ஹை'யில் வைத்து, ஒன்றரை மணி நேரம் வரை திறக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு இறங்கி, வேகும் நேரம் நீளும். பிறகு நடு ரோலில் ஈர்க்குச்சியைக் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். ஒட்டினால் இன்னும் 15 நிமிஷம்.

மின்சாரம் ஏறத்தாழ அரை யூனிட்தான் ஆகும். ஆனால் 'நாளை மின்தடை' செய்தியில் உங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பாதி வெந்த மாவு இரண்டு மணி நேரம் நின்றால் மறுபடி தேறாது.

வெந்ததும் தோசைக்கல்லில் நெய் விட்டு, மேல்பக்கம் படும்படி கவிழ்த்து ஒரு நிமிஷம் வையுங்கள். கருப்பட்டி லேசாக உருகிப் பிடித்து, பொன்னிறமாக வரும்.

ஸ்லோ குக்கர் இல்லையா? இட்லிக் கொப்பரையில் 20, 25 நிமிஷம் ஆவியில் வேகவைக்கலாம். ரோல் பஞ்சுபோல் வெள்ளையாக இருக்கும், தோசைக்கல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பழைய கனமான பாத்திரத்தில் உப்பு பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, சின்னத் தீயில் 35, 40 நிமிஷம் மூடி வைக்கலாம். நல்ல பிரஷர் குக்கரை இதற்குப் பலி கொடுக்க வேண்டாம், அடி போய்விடும். விறகடுப்பு உள்ள வீடுகளில் இன்னொரு வழி இருக்கிறது: அடியில் கொஞ்சம் கருவேலங் கங்கு, தட்டையான மூடிமேல் அதைவிட அதிகக் கங்கு. மேல்பக்கம் தானாகவே சிவக்கும். ருசியில் இதற்குத்தான் முதலிடம், ஆனால் கருகாமல் எடுக்க இரண்டு, மூன்று முறை பழக வேண்டும்.

ஈரமான பழம் உள்ளே இருப்பதால் கோடையில் அன்றைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். ஃபிரிட்ஜில் மூன்று நாள் வரை வைக்கலாம். வெளியே எடுத்ததும் கெட்டியாக இருக்கும். தோசைக்கல்லில் மூடி போட்டு, சிறு தீயில் சூடாக்கினால் பழையபடி மெத்தென்று ஆகிவிடும்.