வாய் நிறைய முட்டை, வயிற்றில் ஒன்றுமில்லை

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார்: கடையில் வாங்கிவந்த கடற்கெளுத்தியின் வாயைத் திறந்தபோது, ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் விட்டமுள்ள மஞ்சள் முட்டைகள் வரிசையாக உருண்டு விழுந்தனவாம்; வயிற்றைக் கீறிப் பார்த்தால் குடல் சுத்தமாகக் காலியாக இருந்ததாம்; தன் முட்டையைத் தானே தின்னப் புறப்பட்ட பாவியா இந்த மீன் என்பது அவருடைய சந்தேகம். பாவி அல்ல. அது முட்டைகளின் தகப்பன்; தின்பதற்காக அன்று, குஞ்சு பொரிப்பதற்காகவே அவற்றை வாயில் வைத்திருந்தது. இதே மீனைத் 'தியாகத் தந்தை' என்று வர்ணித்து, சோக சங்கீதத்தோடு கைப்பேசிகளில் ஒரு படமும் உலவுகிறது. அதைப் பார்த்துக் கண் கலங்கியவர்களிடம் எனக்குச் சண்டையில்லை என்றாலும், தியாகம் என்ற சொல்லை மீனின் தலையில் சுமத்துவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். இங்கே நடப்பது வரவு செலவு.

சந்ததிக்காக ஆணும் பெண்ணும் செய்யும் செலவு சமமன்று. வெள்ளாற்று முகத்துவாரத்திலும் பிச்சாவரத்து உப்பங்கழியிலும் திரியும் மடவையைப் பாருங்கள்: பெண் மடவை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள முட்டைகளை லட்சக்கணக்கில் கடலில் இறைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறது, அத்தனை சினைக்கும் வேண்டிய கொழுப்பையும் புரதத்தையும் அதுவே சேர்க்கவேண்டியிருப்பதால், அது ஆணைவிடப் பெரிதாகவும் வளர்கிறது. கெளுத்தியோ நேர்மாறான மார்க்கத்தை மேற்கொண்டது. அது ஈனுவது சில டஜன் முட்டைகளே. ஆனால் ஒவ்வொன்றும் மடவை முட்டையைப்போல் கொள்ளளவில் ஆயிரம் மடங்குக்குக் குறையாதது. குஞ்சு உருவாகி நீந்தத் தொடங்கும் வரையில் வேண்டிய ஆகாரம் முழுவதும் மஞ்சட்கருவாக அதனுள் கட்டித் தரப்பட்டிருக்கிறது. அந்த மூலதனத்தைப் போட்டதோடு பெண்ணின் பொறுப்பு முடிகிறது; ஆணின் உபவாசம் ஆரம்பமாகிறது.

அந்த உபவாசத்தின் கடுமையை உணர வேண்டுமானால், கார்த்திகை விரதம் இருக்கும் ஒரு குடும்பஸ்தர் நாற்பது கொழுக்கட்டைகளை வாயில் அடக்கிக்கொண்டு, ஒன்றையும் விழுங்காமலும் ஒன்றையும் துப்பாமலும், ஒன்றின்மேல் ஒன்று அழுந்திக் கெட்டுப்போகாதபடி நாவால் ஓயாமல் புரட்டிக்கொண்டும், அவற்றின் இடுக்கு வழியாகவே மூச்சு விட்டுக்கொண்டும், யாராவது 'சாப்பிட்டாச்சா?' என்று விசாரித்தால் தலையை மட்டும் அசைத்துக்கொண்டும், கீழவீதியிலிருந்து தெற்குவீதிக்கும் தெற்குவீதியிலிருந்து மேலவீதிக்குமாக ஒரு மாதத்துக்கும் மேல் நடப்பதாகப் பாவனை செய்துகொள்ளுங்கள். நாலாவது வாரத்தில் கொழுக்கட்டைகளுக்குக் கண் முளைத்து அவை உள்ளே நெளியத் தொடங்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் உவமை நிறைவு பெறும். கெளுத்தியின் வாயில் நடப்பது அதுதான். வாயின் வழியே புகுந்து செவுள் வழியே வெளியேறும் நீரோட்டந்தான் முட்டைகளுக்குப் பிராணவாயு. அந்த நீரையே தானும் சுவாசிக்கவேண்டிய தகப்பன் மீனுக்கு முட்டைக் கூட்டம் பாதி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இரை எடுத்தால் முட்டையும் தொண்டைக்குள் இறங்கிவிடக்கூடும். ஆகவே இரை இல்லை. உடம்பில் சேர்ந்த கொழுப்பு நாளுக்கு நாள் கரைகிறது. பொரிந்த குஞ்சுகளும் வயிற்றில் தொங்கும் மஞ்சட்கருப் பை வற்றும் வரையில் அந்த வாயை விட்டு நகர்வதில்லை.

சரித்திரத்துக்கு ஒரு பத்தி கொடுத்தாக வேண்டும். சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இந்திய மீன்களைப் பற்றிய நூலால் பிரசித்தி பெற்றவர். வாயில் முட்டை சுமப்பது ஆண் கெளுத்தியே என்பதோடு, அதன் குடலில் உணவின் சுவடே இல்லை என்பதையும் கண்டு எழுதியவர் அவர். 1940-களின் தொடக்கத்தில் கே. சிதம்பரம் என்ற ஆராய்ச்சியாளர் கெளுத்திக் கருவின் வளர்ச்சியைப் பற்றி எழுதினார். நம் வாசகர் கண்டது புதுமை அன்று என்பதற்கு இவ்வளவு போதும்.

பட்டினி ஏன் ஆணின் தலையில் விழுந்தது? பெண் ஒரு மாதம் பட்டினி கிடந்தால் அடுத்த பருவத்துச் சினை குறையும். ஆண் அதே காலம் பட்டினி கிடந்தால் அதன் விந்து அவ்வளவாகக் குறைவதில்லை. நஷ்டம் யாருக்குச் சொற்பமோ அவர் தலையில் சுமை இறங்குகிறது என்பது உயிரியலார் கூறும் சமாதானம். சீர்காழிக்கு அருகே தொடுவாயில் குஞ்சு பொரிக்கப்படும் கொடுவா இந்தக் கணக்கை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது: சிறு உடம்போடு இருக்கும் பருவத்தில் ஆணாக வாழ்ந்து, பெருத்தபின் பெண்ணாக மாறிவிடுகிறது. சினைக்கு வேண்டியது பெரிய உடம்பு; விந்துக்குச் சிறியதே போதும்.

இந்தக் கணக்கில் ஓர் அபாயமும் உண்டு. முட்டை சுமக்கும் ஆண்கள் கூட்டமாகத் திரிகிற இடத்தில் பெரிய வலை விழுந்தால், ஒரு தலைமுறையே தகப்பனோடு சேர்ந்து மடிக்குள் வந்துவிடும். 1980-களில் கர்நாடகக் கரையோரம் சுருக்குமடி வலைகள் வாரியெடுத்தது அப்படிப்பட்ட கூட்டங்களைத்தான். அதன்பின் அங்கே கெளுத்தி மீன்பிடிப்பு சரிந்தது. லட்சக்கணக்கில் முட்டையிடும் மடவை ஒரு பருவத்து இழப்பை அடுத்த பருவத்தில் ஈடுகட்டக்கூடும். நாற்பதே முட்டையிடும் கெளுத்திக்கு அந்த வசதியில்லை.

தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்ட சுருக்குமடிக்கு, 2023-இல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் நிபந்தனையோடு அனுமதி தந்தது. கடலூர்க் கரையில் இன்றும் ஓயாத இந்த விவாதத்தில் இருதரப்பாரும் மத்தியையும் டீசலையும் பற்றிப் பேசுகிறார்களேயன்றி, கெளுத்தியின் வாயைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம். அதிகாரிகள் செய்யவேண்டியது பெரிய காரியமல்ல: முட்டை சுமந்த ஆண் கெளுத்திகள் எந்தெந்த மாதங்களில் எவ்வளவு கரைக்கு வருகின்றன என்று இறங்குதளங்களில் எண்ணி எழுதட்டும்; அந்த மாதங்களில் அந்தக் கூட்டங்களின்மேல் வலை விழாமல் பார்த்துக்கொள்ளட்டும். வலைஞர் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வாய் நிறைந்த கெளுத்தி உயிரோடு கையில் சிக்கினால், முள்ளுக்கு ஜாக்கிரதையாக, அதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். ஒரு மாதம் பட்டினி கிடந்த மீனில் கறியும் அதிகம் இராது.