மதுரையில் ஒரு சுல்தானகம்

14-ஆம் நூற்றாண்டில் 43 ஆண்டுகள் மதுரை ஒரு சுல்தானகத்தின் தலைநகராக இருந்தது. அரபு, பாரசீக நூல்கள் மாபார் என்று குறிக்கும் சோழமண்டலக் கரையே அதன் நாடு. மலையகத் தோட்டக் குடும்பங்களின் முன்னோர் பலர் கப்பலேறி வந்த மதுரை, திருச்சி, இராமநாதபுரச் சீமைகளில்தான் அதன் படைகள் நடமாடின. அப்படியிருந்தும் தமிழர் வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படும் அரசுகளில் இதுவும் ஒன்று.

தமிழ்க் கரைக்கு இஸ்லாம் இந்த அரசோடு வந்ததல்ல. பாண்டியர் காலத்திலேயே காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரை வணிகம் செழித்திருந்தது. காயலிலும் பிற துறைகளிலும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் இறங்கியதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். தகியுத்தீன் என்ற முஸ்லிம் வணிகர் பாண்டிய அரசவையில் அமைச்சராகவே இருந்தார். வணிகத்தால் வேர்விட்ட இச்சமூகத்தையும், பின்னர் வடக்கிலிருந்து படையோடு வந்து ஆண்டவர்களையும் ஒன்றாக எண்ணுவது பெரும் பிழை.

படை வருவதற்கு வழி திறந்தது பாண்டியரின் வீட்டுச் சண்டை. மாறவர்மன் குலசேகரனின் மைந்தர்களான சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் அரியணைக்காக மோதிக்கொண்டிருந்த வேளையில், 1311-இல் தில்லித் தளபதி மாலிக் கபூர் மதுரைவரை வந்து கொள்ளையடித்துத் திரும்பினார். 1323-இல் உலூக் கான் படையெடுத்தபோது மாபார் தில்லியின் மாகாணமாகவே ஆகிவிட்டது. இந்த உலூக் கான்தான் பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்ற பெயரில் தில்லியை ஆண்டவர்.

மாகாண ஆளுநர் ஜலாலுத்தீன் அஹ்ஸன் 1335 அளவில் தன்னைச் சுல்தானாக அறிவித்து, தன் பெயரில் நாணயம் வெளியிட்டார். அடக்கப் புறப்பட்ட துக்ளக், வாரங்கல்லில் படையைக் கொள்ளைநோய் தாக்கியதால் திரும்பிப் போனார். புதிய அரசு போரிடாமலே பிழைத்தது. ஆனால் அதன் உள்ளே அமைதி இல்லை. அஹ்ஸன் கொல்லப்பட்டார், அடுத்து வந்த அலாவுத்தீன் உதவ்ஜி போர்க்களத்தில் அம்பு பட்டு மாண்டார், அவருடைய மருமகன் குத்புத்தீன் 40 நாளில் கொலையுண்டார். அரியணை பின்னர் கியாஸுத்தீன் தாமகானி கைக்கு வந்தது. முன்பு தில்லிப் படையில் குதிரை வீரராயிருந்தவர் அவர். தந்தைக்குப் பின் மகன் என்ற முறை இங்கே நிலைக்கவில்லை. படைத் தலைவர்களின் ஆதரவே பட்டம் சூட்டியது, அதை இழந்தவர் உயிரையும் இழந்தார்.

இந்த அரசின் உட்புறத்தை நேரில் கண்டு எழுதியவர் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா. 1344-இல் புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு சிவனொளிபாத மலை ஏறியவரும் அவரே.  இலங்கையிலிருந்து மாபாருக்குக் கடல் கடந்தபோது கப்பல் சேதமடைய, கரையில் அவரைக் காத்தவர்கள் கியாஸுத்தீனின் குடிமக்கள். இப்னு பதூதாவும் சுல்தானும் அஹ்ஸனின் மகள்களை மணந்த சகலைகள்.

உறவு என்பதற்காக அவர் உண்மையை மறைக்கவில்லை. காட்டு வழியே படை சென்றபோது பிடிபட்ட ஊர் மக்களை மறுநாள் கழுவில் ஏற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொன்றதையும் பதிவுசெய்து, வேறெந்த மன்னரிடமும் காணாத இழிசெயல் என்று கண்டிக்கிறார். குடிமக்களோடு அச்சத்தால் மட்டுமே பிணைந்திருந்த ஆட்சி அது.

அவர் வருவதற்கு முன், 1342-இல் அந்த அரசு அழிவின் விளிம்புக்கே போனது. ஓய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் 80 வயதில் பெரும்படையோடு சுல்தானின் கண்ணனூர்க் கொப்பம் கோட்டையை முற்றுகையிட்டார். அவர் படையில் 20,000 முஸ்லிம்களும் இருந்ததாக இப்னு பதூதா குறிப்பிடுவது, இதை மதப்போராக மட்டும் படிப்போர் மறக்கக் கூடாத செய்தி. கோட்டைக்குள் 14 நாளுக்கே உணவு மிச்சமிருந்தது. சரணடைவது பற்றிச் சுல்தானிடம் கேட்க வல்லாளர் அவகாசம் தந்தார். கோட்டையிலிருந்து வந்த கடிதத்தை மதுரையில் கேட்டவர்கள் அழுது, சாவதற்கும் துணிந்து, தலைப்பாகைகளைக் கழற்றிக் குதிரைகளின் கழுத்தில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். நண்பகல் உறக்கத்தில் கிடந்த ஓய்சளப் பாசறையில் அவர்கள் பாய்ந்தபோது, வந்தவர்கள் திருடர்கள் என்றே காவலர்கள் நினைத்தார்கள். வல்லாளர் பிடிபட்டார். விடுவிப்பதாகச் சொல்லி அவருடைய செல்வம், யானை, குதிரைகளை வாங்கிக்கொண்ட பின் சுல்தான் அவரைக் கொன்றார்; வைக்கோல் அடைத்த அவரது தோல் மதுரை மதிலில் தொங்கியது. அதை இப்னு பதூதா கண்ணால் கண்டார்.

வெற்றி நிலைக்கவில்லை. மதுரையில் பரவிய கொள்ளைநோய்க் காலத்தில் சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் இறந்தார்கள். வைகைக் கரை நகரில் நோய் கண்ட இரண்டு மூன்று நாளில் மனிதர்கள் மடிந்தார்கள். சுல்தானும் விரைவில் இறந்தார். அண்ணன் மகன் நாஸிருத்தீன் பட்டமேறிப் படைக்குப் பொன்னை வாரி வழங்கினார். முந்திய சுல்தானின் மகளுடைய கணவரைக் கொன்று, விதவையான அவளையே மணந்தார். அவருக்குப் பின் வந்த ஆதில் ஷா, பக்ருத்தீன் முபாரக் ஷா, அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா ஆகியோரை நாணயங்களே நமக்கு அறிமுகப்படுத்துகின்றன.

ஓய்சளர் விழுந்த இடத்தில் விஜயநகரம் எழுந்தது. முதலாம் புக்கரின் மகன் குமார கம்பணர் முதலில் தொண்டைமண்டலத்துச் சம்புவரையரை அடக்கினார். பிறகு தெற்கே இறங்கி மதுரையை வென்றார். அந்த வெற்றியை அவருடைய மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்ற சமஸ்கிருதக் காவியமாகப் பாடினார். 1323 படையெடுப்பின்போது வெளியே கொண்டுசெல்லப்பட்ட திருவரங்கத்து அழகிய மணவாளர் திருமேனி, 1371-இல் கோயில் திரும்பியது. ஆயினும் சுல்தானகம் அன்றே முடியவில்லை. சிக்கந்தர் ஷாவின் நாணயங்கள் ஹிஜ்ரி 779 வரை, அதாவது 1378 அளவு வரை கிடைக்கின்றன. அதன் பின் மதுரை முழுமையாக விஜயநகரத்தின் வசமானது. குதிரையும் முத்தும் விற்ற கரையோர முஸ்லிம் ஊர்கள் எந்த அரசு மாறியபோதும் தம் துறைகளில் வாணிபத்தைத் தொடர்ந்தன.