ஹைட்ராலிக் லிஃப்டில் எண்ணெய்க் கசிவு

வாகனப் பணிமனைகளில் கார்களை உயர்த்தும் ஹைட்ராலிக் லிஃப்ட், எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குவது. இதில் ஏற்படும் கசிவு இரு வகைப்படும்.

வெளிக்கசிவு: ஹோஸ், இணைப்புகள், சிலிண்டரின் தண்டு வெளிவரும் முனை ஆகிய இடங்களில் ஈரம் தெரியும். தண்டில் கீறலோ துருவோ இருந்தால் புதிய ஆயில் சீலும் விரைவில் கிழியும். சீலை மாற்றுமுன் தண்டைச் சோதிக்க வேண்டும்.

உட்கசிவு: தரையில் எண்ணெய் சிந்தாது, உயர்த்திய வண்டி மெல்லக் கீழிறங்கும். இறக்கும் வால்வில் சிறு துகள் சிக்கி, அது முழுதாக மூடாமல் இருப்பது இதற்கு ஒரு பொதுவான காரணம்.

பாதுகாப்பு: கசிவைக் கையால் தடவித் தேடக்கூடாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும்; காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அட்டைத் துண்டை நீட்டிக் கசிவைக் கண்டறியலாம். வண்டியை இறக்கி, அழுத்தத்தை நீக்கிய பிறகே இணைப்புகளைக் கழற்ற வேண்டும்.