தடித்த ரத்தம்

வீட்டிலே ஒரு பெரியவர். பிராயம் எழுபதைத் தாண்டிவிட்டது. சில மாதங்களாக மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. முகம் வெளுத்துக் கிடக்கிறது. காலையில் பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் கசிகிறது. மூக்கிலும் அடிக்கடி ரத்தம் காண்கிறது. "எல்லாம் உஷ்ணந்தான்" என்று வீட்டார் எண்ணெய் ஸ்நானத்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள். "வயசாகவில்லையா?" என்று பெரியவரும் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். இத்தகைய உபாதைகளுக்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணங்களே இருக்கும். ஆனால் மிக அபூர்வமாக ஒருவரிடம் இவற்றின் பின்னே ஒரு விசித்திரமான புற்று நோய் ஒளிந்திருப்பதுண்டு. அந்நோயைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறோம்.

1944-ம் வருஷம் ஐரோப்பா முழுவதும் யுத்தத் தீயில் வெந்துகொண்டிருந்தது. யுத்தத்தில் கலந்துகொள்ளாத ஸ்வீடன் தேசத்தில், உப்ஸலா நகரில், யான் வால்டன்ஸ்ட்ரோம் என்ற வைத்தியர் இரண்டு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இருவருக்கும் மூக்கிலும் வாயிலும் ரத்தப் போக்கு, ரத்த சோகை, உடம்பில் நெறி கட்டியிருந்தது. முதியவர்களுக்கு வரும் எலும்பு மஜ்ஜைப் புற்று நோயாக இருக்குமோ என்று ஐயுற்றுப் பார்த்தால், எலும்புகளில் அந்நோய்க்குரிய அரிப்பு இல்லை. ஆனால் அவர்களுடைய ரத்த நீர் மட்டும் வழக்கத்துக்கு மாறாகத் தடித்திருந்தது.

வால்டன்ஸ்ட்ரோமுக்கு ஓர் அதிர்ஷ்டம். 1926-ல் நோபெல் பரிசு பெற்ற ஸ்வெட்பெர்க் என்னும் ரசாயன சாஸ்திரியின் அதிவேகச் சுழற்சி யந்திரம் அதே ஊரில் இருந்தது. ரத்த நீரை அதில் இட்டுச் சுழற்றிய போது, ஏறக்குறைய பத்து லட்சம் மூலக்கூற்று எடையுள்ள ஒரு பூதாகாரமான புரதம் அதில் மிதமிஞ்சி இருப்பது தெரிந்தது. நோய்க்கு இன்று வழங்கும் பெயர் 'வால்டன்ஸ்ட்ரோம் மாக்ரோகுளோபுலினீமியா.' பெயரைச் சொல்லவே மூச்சு வாங்குகிறது. நாம் வால்டன்ஸ்ட்ரோம் நோய் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தப் பெரும் புரதம் அந்நியப் பொருள் அல்ல. கிருமிகளை எதிர்க்க நமது சரீரம் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதங்களில் ஒன்றுதான். ஐந்து அலகுகள் ஒன்றாய்ப் பிணைந்த அதற்கு 'ஐ.ஜி.எம்.' என்று பெயர். மஜ்ஜையில் உள்ள ஓர் அணு நெறி தவறிப் பெருகுகிறது. அதன் சந்ததி முழுவதும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் அதே புரதத்தைச் சுரந்து தள்ளுகிறது. ரத்தம் பாகு போலாகிறது. கண்ணின் உட்புறத்தைக் கருவி கொண்டு பார்க்கும் வைத்தியருக்கு, அங்குள்ள ரத்தக் குழாய்கள் புடைத்து, முடிச்சு முடிச்சாகத் தெரியும். பார்வை மங்குகிறது, தலை கனக்கிறது.

ரத்தம் தடித்துப் போனால் உறைந்து நிற்கத்தானே வேண்டும், கசிவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தப் புரதம் ரத்தத்திலுள்ள தட்டணுக்களின் மேல் படிந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டிக் காயத்தை அடைக்க முடியாமல் செய்துவிடுகிறது. சிலருக்குப் பாதங்களில் மரமரப்பும் எரிச்சலும் உண்டாவதற்குக் காரணமும் இதே புரதந்தான். அது நரம்பின் உறையைத் தாக்குகிறது.

அமெரிக்காவில் எடுத்த கணக்கின்படி, பத்து லட்சம் ஜனங்களில் ஆண்டுக்குச் சுமார் 3 பேருக்கு இந்நோய் புதிதாகக் காண்கிறது. அவர்கள் பெரும்பாலும் 70 வயதை ஒட்டியவர்கள். பெண்களைவிட ஆண்கள் அதிகம். ஆனால் இது முதியவர்களையே தேடிப் பிடிக்கும் என்பதில்லை. பிரெஞ்சு ஜனாதிபதி பொம்பிடு 1974 ஏப்ரல் 2-ம் தேதி காலமான போது அவருக்கு வயது 62. 1973 மே மாதம் ரெய்க்யாவிக் நகரில் அவர் நிக்ஸனைச் சந்தித்த போது எடுத்த படங்களில் அவர் முகம் உப்பியிருப்பதைக் காணலாம். அவருக்கு வந்தது இந்நோய்தான். அது அந்நாட்டு ஜனங்களிடமிருந்து கடைசி வரையில் மறைக்கப்பட்டே வந்தது.

இனிச் சிகிச்சையைப் பார்ப்போம். இந்நோய் கண்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு உபாதை எதுவுமே இராது. வேறு எதற்கோ ரத்தப் பரிசோதனை செய்யப் போய், இது அகப்படும். அவர்களுக்கு வைத்தியர் கொடுக்கும் மருந்து என்ன? ஒன்றுமில்லை! சில மாதங்களுக்கு ஒரு முறை வந்து ரத்தத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்வார். "புற்று நோய் என்று தெரிந்தும் சும்மா இருப்பதா? இவர் என்ன வைத்தியர்?" என்று பிள்ளைகள் கொதிப்பார்கள், வேறு வைத்தியரிடம் ஓடுவார்கள். அவர்களைக் குறை சொல்லுவதற்கில்லை. பெற்றவர் விஷயத்தில் கையைக் கட்டிக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் இந்நோய் பலரிடம் ஆமை வேகத்தில் நகர்வது. அதை அடியோடு ஒழிக்கும் மருந்தும் இன்னும் இல்லை. உபாதை இல்லாதவருக்கு முன்கூட்டியே மருந்து கொடுப்பதால் ஆயுள் நீளுவதாகக் காணவில்லை. மருந்தின் தொல்லைதான் முன்கூட்டி வருகிறது. இந்நோயோடு பல வருஷம் வாழ்ந்து, கடைசியில் இருதயக் கோளாறு போன்ற வேறு காரணத்தால் இறக்கும் முதியவர்கள் அநேகர். புரதத்தின் அளவு ஏறிவிட்டது என்பதற்காக மட்டும் மருந்தைத் தொடங்குவதில்லை. சோகை முற்றுவது, ரத்தம் கசிவது, பார்வை மங்குவது, நரம்பு கெடுவது, காரணமின்றி உடல் மெலிவது ஆகியவையே சிகிச்சைக்கு அழைப்பு.

ரத்தம் அபாயமாகத் தடித்துவிட்டால் அவசரச் சிகிச்சை வேண்டும். ரத்தத்தை வெளியே எடுத்து, அணுக்களைப் பிரித்து, புரதம் நிறைந்த நீரை நீக்கி, மாற்று நீருடன் அணுக்களை மீண்டும் உடம்பில் செலுத்துகிறார்கள். ஐ.ஜி.எம். பெரும்பாலும் ரத்தக் குழாய்களுக்குள்ளேயே தங்குவதால், ஓரிரு முறை செய்தாலே நல்ல குணம் தெரியும். ஆனால் புரதத்தைச் சுரக்கும் அணுக்கள் மஜ்ஜையிலேயே இருப்பதால் இது தாற்காலிக உதவிதான். இங்கே ஓர் எச்சரிக்கை: வெளுத்திருக்கிறாரே என்று அவசரப்பட்டு ரத்தம் ஏற்றினால், தடித்த ரத்தம் மேலும் தடித்து விபரீதமாகலாம்.

அணுக்களை அடக்குவதற்கு வெகுகாலம் க்ளோராம்பூசில் என்ற மாத்திரையே கையாளப்பட்டு வந்தது. பிறகு ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசி மருந்து வந்தது. இதைப் போட்ட சில வாரங்களில் சிலருக்கு ஐ.ஜி.எம். குறைவதற்குப் பதில் திடீரென்று ஏறும். "மருந்து பலிக்கவில்லை" என்று கலங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஏற்றத்தை எதிர்பார்த்துக் காவலாக இருக்க வேண்டும். தேக திடமுள்ளவர்களுக்கு இத்துடன் பெண்டாமஸ்டினையும் சேர்த்துச் சுமார் ஆறு மாதம் கொடுத்து நிறுத்திவிடுகிறார்கள். தள்ளாதவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள்.

2012-ல் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள், இந்நோயாளிகளில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் 'மை.டி.88' என்ற ஒரே மரபணுவில் ஒரே இடத்தில் பிழை இருப்பதைக் கண்டார்கள். அந்தப் பிழை எழுப்பும் ஓயாத கட்டளையை இடைவழியில் தடுக்கும் இப்ருட்டினிப் மாத்திரையை 2015 ஜனவரியில்தான் அமெரிக்க அரசாங்கம் இந்நோய்க்கு அனுமதித்தது. ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே விழுங்கலாம். ஆனால் விலை அதிகம். பலன் தரும் வரையில் வருஷக் கணக்காக நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். சிலருக்கு இருதயத் துடிப்பு தாறுமாறாகும். ரத்தக் கசிவும் உண்டாகலாம். இருதயத்துக்குத் தொல்லை குறைந்த ஸானுப்ருட்டினிப் என்ற தம்பி மருந்து 2021-ல் அனுமதி பெற்றது.

இம்மாத்திரைகளைச் சாப்பிடும் பெரியவர் பல் பிடுங்கப் போனால்கூட, முன்னும் பின்னும் சில நாள் மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். அதே சமயம், நிறுத்தினால் சிலருக்கு ஜுரமும் அசதியும் வந்து புரதமும் மளமளவென்று ஏறுகிறது. ஆகையால் எத்தனை நாள் நிறுத்துவது என்பதை வீட்டில் தீர்மானிக்காமல், பல் வைத்தியரையும் ரத்த நோய் வைத்தியரையும் கலந்து பேசச் செய்வதே வழக்கம்.