ஒரே கூடத்தில் இரண்டு வகுப்புகள்

எட்டாம் வகுப்புக்கு நாங்களே தயாரித்த கணினிவழித் தேர்வு அன்று. வினாக்களை ஆய்வகச் சர்வரில் முன்னதாகவே ஏற்றி வைத்திருந்தோம். திருமழிசையில் உள்ள எங்கள் பள்ளி ஆய்வகத்தின் பத்துக் கணினிகளில் ஆறில் தேர்வு திறந்தது, நான்கில் திறக்கவில்லை. "நெட் வருது சார், டெஸ்ட் மட்டும்தான் வரல" என்றார்கள் மாணவர்கள். அணைத்துப் போட்டதும் இரண்டு கணினிகள் சரியாயின. அதுவரை ஒழுங்காக ஓடிய வேறொன்று கெட்டது. அன்று தேர்வு நடக்கவில்லை.

காரணம் முந்தைய வாரத்தில் இருந்தது. அலுவலக அறையிலுள்ள பிரிண்டரை ஆய்வகத்திலிருந்தும் பயன்படுத்த வேண்டும் என்று, இரு அறைகளின் சுவிட்சுகளையும் ஒரு கேபிளால் இணைத்திருந்தோம். இரண்டுமே ரிச்சி தெருவில் வாங்கிய சாதாரண சுவிட்சுகள். அமைப்புகளை மாற்ற வசதியற்ற வகை. ஆய்வகத்துக்கு ஒரு பிராட்பேண்ட், அலுவலகத்துக்கு ஒன்று. ஆய்வகக் கணினிகளின் முகவரி 192.168.1 என்று தொடங்கும், அலுவலகத்தில் 192.168.0. எண் வரிசை வேறாக இருப்பதால் ஒன்றில் மற்றொன்று குறுக்கிடாது என்று நம்பினோம். அந்த நம்பிக்கைதான் தவறு.

ஏழாம் வகுப்பு 'அ' பிரிவையும் 'ஆ' பிரிவையும் தடுப்பில்லாத ஒரே கூடத்தில் உட்கார வைப்பது நமக்குப் பழகியதுதான். சப்நெட் என்பது பிரிவு. சுவிட்ச் என்பது கூடம். முகவரியின் முதல் மூன்று எண்கள் பிரிவைக் குறிக்கும், கடைசி எண் வருகைப் பதிவேட்டு எண் போன்றது (சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றிருக்கும்போது). ஆனால் சாதாரண சுவிட்ச் இந்த எண்களைப் படிப்பதே இல்லை. ஒவ்வொரு கருவியிலும் தயாரிப்பாளர் பதித்த மேக் முகவரியை மட்டும் பார்த்து, எது எந்த போர்ட்டில் இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்கிறது. எல்லாருக்கும் பொதுவாக வரும் அறிவிப்பை எல்லா போர்ட்டுக்கும் அனுப்பிவிடுகிறது.

கணினி தொடங்கும்போது அப்படியொரு பொது அறிவிப்பைத்தான் எழுப்புகிறது. புதிதாக வந்த மாணவர் வாசலில் நின்று "என் இடம் எது?" என்று உரக்கக் கேட்பதைப் போல. இடம் ஒதுக்கும் வேலை ரவுட்டரில் உள்ள டிஎச்சிபியுடையது. எங்கள் கூடத்தில் இப்போது இரண்டு ரவுட்டர்கள். பெரும்பாலும் முதலில் பதில் சொல்பவர் பிரிவில் மாணவர் உட்கார்ந்துவிடுவார். அலுவலக ரவுட்டர் முந்திக்கொண்டால் ஆய்வகக் கணினிக்கு 192.168.0 முகவரி கிடைக்கும். இணையம் அலுவலக இணைப்பு வழியே வரும். ஆனால் 192.168.1.10இல் இருக்கும் சர்வரைத் தேடும்போது, "இது என் பிரிவு இல்லை" என்று கோரிக்கையை அலுவலக ரவுட்டரிடம் ஒப்படைக்கும். அந்த ரவுட்டருக்கு ஆய்வகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வேடிக்கை என்னவென்றால், தேர்வு திறக்காத கணினிகளிலிருந்துதான் பிரிண்டர் வேலை செய்தது! கேபிள் போட்ட அன்று நாங்கள் சோதித்துப் பார்த்ததும் அப்படித் தடம் மாறிய ஒரு கணினியில்தான்.

இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. நன்றாக ஓடும் கணினி ஒன்றிலும் ஓடாத கணினி ஒன்றிலும் கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளையைக் கொடுத்து, இரண்டையும் தாளில் எழுதி ஒப்பிடுங்கள். முகவரியும் கேட்வேயும் வேறு வேறாக இருந்தால் இரண்டாவது ரவுட்டர் எங்கோ பதில் சொல்கிறது. முகவரி 169.254 என்று தொடங்கினால் யாருமே பதில் சொல்லவில்லை. கேபிளையோ ரவுட்டரையோ பாருங்கள். பிறகு 'ஏஆர்பி' கட்டளையை 'ஏ' என்ற குறியுடன் கொடுத்தால் கேட்வேயின் மேக் முகவரி தெரியும். ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் அதே எண் அச்சாகியிருக்கும். எந்தப் பெட்டி குற்றவாளி என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சற்றுக் கடினமான வகை ஒன்று உண்டு. வீட்டு உபயோக ரவுட்டர்கள் பல 192.168.1.1 என்ற முகவரியோடுதான் கடைக்கு வருகின்றன. இரண்டுமே அந்த எண்ணோடு இருந்தால் ஐபிகான்ஃபிக் எல்லாம் சரி என்றே காட்டும். இணையம் மட்டும் வந்து வந்து போகும். மேக் முகவரியைச் சில நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை பாருங்கள். மாறினால் காரணம் இதுதான்.

சுவிட்சின் எல்லா விளக்குகளும் ஒரே வேகத்தில் படபடவென்று மின்னி, எந்தக் கணினியும் வேலை செய்யாவிட்டால், அது முகவரிச் சிக்கல் அல்ல. ஒரே கேபிளின் இரு முனைகளும் அதே சுவிட்சில் செருகப்பட்டிருக்கலாம். பொது அறிவிப்பு முடிவின்றிச் சுற்றுகிறது. இதைத் தடுக்கும் முறையை ராடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியாளர் 1985இல் உருவாக்கினார். மலிவு சுவிட்சுகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்.

தீர்வுக்கு வருவோம். ஒரு ரவுட்டரின் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் முகவரியையும் மாற்றி, இரு அறைகளையும் ஒரே சப்நெட்டாக்கலாம். பல கட்டுரைகள் இதைத்தான் சொல்லும். தேர்வும் திறக்கும், பிரிண்டரும் ஓடும். எனக்கு இதில் உடன்பாடில்லை. அலுவலகக் கணினியில் எமிஸ் பதிவுக்காகச் சேகரித்த மாணவர் விவரங்கள், பெற்றோர் கைப்பேசி எண்கள் எல்லாம் இருக்கின்றன. அவை ஆய்வகத்தில் உட்காரும் எவருக்கும் எட்டும் தொலைவில் இருக்கக் கூடாது. இரண்டு சப்நெட்டாகவே விட்டுவைத்தால் பாதுகாப்பு என்பதும் இல்லை. பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் தன் கணினியின் முகவரியைக் கையால் 192.168.0.50 என்று மாற்றினால் போதும், அலுவலகப் பிரிவில் உட்கார்ந்துவிடுவார். எண் வரிசை என்பது தரையில் போட்ட சுண்ணக்கட்டிக் கோடு; சுவர் அல்ல.

சுவர் வேண்டுமானால் விலான் வசதியுள்ள, அமைப்புகளை மாற்றத்தக்க சுவிட்ச் வேண்டும். ஒரே பெட்டியில் போர்ட்டுகளைப் பிரித்து, ஒரு பிரிவின் அறிவிப்பு மற்றதற்குக் கேட்காமல் செய்யும் முறை அது. அமைக்கத் தெரிந்தவர் ஒருவரும், கடவுச்சொல்லைப் பத்திரமாக வைத்திருக்கும் தலைமையாசிரியரும் இருந்தால் நல்லது.

நாங்கள் செய்தது இன்னும் எளியது. அந்தக் கேபிளைப் பிடுங்கினோம். கணினிகளை மறுபடி தொடங்கியதும் பத்துக்கும் 192.168.1 முகவரி வந்தது. அடுத்த நாள் தேர்வு நடந்தது. இரு சுவிட்சுகளிலும் எந்த அறைக்கு உரியது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆய்வகத்தில் அச்சிட வேண்டியதை இப்போது பென்டிரைவில் போட்டு, வராந்தாவைக் கடந்து கையில்தான் எடுத்துப் போகிறோம்.